ஆவடியில் இரண்டு டேங்க்

ஆவடியில் 'டேங்க்' என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாராகிற பீரங்கி வண்டி. 1965-ல் விஜயந்தாவில் ஆரம்பித்து அஜேயா, அர்ஜுன், பீஷ்மா என்று அங்கே வரிசையாகப் பிரசவம். இன்னொன்று, மொட்டை மாடியில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் சின்டெக்ஸ். 2019 ஜூனில் கேட்டிருந்தால், "நாட்டுக்கு அது சார், வீட்டுக்கு இதுதான்!" என்றிருப்பார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு, லாரி ஹாரன் கேட்டால் குடத்தோடு ஓடின காலம் அது. அதே வருஷம்தான் ஆவடி மாநகராட்சியாகப் பிரமோஷனும் வாங்கியது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் சி.டி.எச். ரோடு பக்கம் போய்ப் பாருங்கள். வாட்டர் வாஷ் கடைகளில் கூட்டம். வாரம் முழுக்க அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் கிண்டிக்கும் புழுதி குடித்த பைக்குகள் வரிசையில் நிற்க, சொந்தக்காரர்கள் பிளாஸ்டிக் ஸ்டூலில் செல்போனும் கையுமாக. அரை டிராயர் பையன் நுரையை அடித்து, துடைத்து, டயருக்குப் பாலிஷ் போட்டு வண்டியை மாப்பிள்ளையாக்கி விடுகிறான். சுவரில் ஒட்டின க்யூ.ஆர். அட்டையைக் காட்டினால் போதும். "நூறு ரூபாய் பெறப்பட்டது" என்று குட்டிப் பெட்டி தெருவுக்கே அறிவிக்கும். 2016-ல் வந்த யு.பி.ஐ. செய்த வேலை. 2022-லிருந்து ரூபே கிரெடிட் கார்டையும் அதில் கோத்துக்கொள்ளலாம். ஆக, கடனில் பைக் வாங்கி, கடனிலேயே கழுவிக்கொள்ளவும் வழி பிறந்தாச்சு!

அமெரிக்காவில் பையன் கிடையாது. ஷெட், துப்பாக்கி மாதிரி ஒரு குழாய், சுவரில் ஒரு கடிகாரம், அவ்வளவுதான். நீங்களே கழுவ வேண்டும். காசு போட்டால் சில நிமிஷம் தண்ணீர். நேரம் முடிந்ததா, நுரை தலையில் இருந்தாலும் கட்!

இதில் கார்டு நுழைந்த விதம்தான் வேடிக்கை. டைமருக்குக் கார்டும் தெரியாது, பாங்க்கும் தெரியாது. ஒரு காசு விழுந்தால் ஒரு மின்துடிப்பு, ஒரு துடிப்புக்கு இத்தனை விநாடி. அது படித்த பாடம் அவ்வளவுதான். அதனால் கார்டு தேய்க்கும் பெட்டி, பணம் வந்ததும் காசு விழுந்த மாதிரியே துடிப்பை அனுப்பும். சுத்தமான நடிப்பு! டைமரும் நம்பித் தண்ணீரைத் திறந்துவிடும். இன்னொரு ரகமும் உண்டு. கார்டைத் தேய்த்ததும் மீட்டர் மேல்நோக்கி ஓடும். 'ஸ்டாப்' பட்டனை அமுக்கும் வரை பில் ஏறும். அமுக்க மறந்த மகராசன், வைத்திருக்கும் உச்சவரம்பு வரை தானம் செய்ய வேண்டியதுதான்.

எஸ்.டி.டி. பூத் ஞாபகம் இருக்கிறதா? சிவப்பு எண் ஓட ஓட, அத்தையின் குசலம் விசாரிப்பு எப்படிச் சுருங்கியது! அதே வித்தை.

ஆவடிக்கு இந்தச் சரக்கு புதுசில்லை. நம்ம பக்கத்தில் காசு போட்டால் கேன் நிறைக்கும் குடிநீர் மெஷின் பார்த்திருப்பீர்களே, அதே ஜாதிதான். ஆனால் வாட்டர் வாஷ் கடைக்காரரிடம் டைமர் மாட்டச் சொன்னால் சிரிப்பார். எதற்கு மாட்டணும்? போர் தண்ணீருக்கு மோட்டார் கரண்ட் தவிர செலவில்லை. கஸ்டமர் கொடுப்பதோ மொத்த ரேட். துப்பாக்கி நாலு நிமிஷம் ஓடினாலும் பதினாலு நிமிஷம் ஓடினாலும் கல்லாவுக்கு ஒன்றுதான். அந்த மாதிரி குழாய் நிமிஷத்துக்குச் சுமார் 15 லிட்டர் கக்கும். நாலு நிமிஷம் என்றால் 60 லிட்டர். பதினாலு என்றால் 210. பையன் போனில் ஊருக்குப் பேசும்போது குழாய் தரையில் கிடந்து தானாகப் பேசிக்கொண்டிருந்தால், அதைக் கேட்க அங்கே யாருக்கும் அவசியமில்லை.

2024 மார்ச்சில் பெங்களூரில் அவசியம் வந்தது. குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்கும் நாள் வந்தால், நம்ம கடைக்காரரும் பக்கெட் எண்ணத்தான் போகிறார்.

என்னைக் கேட்டால், துப்பாக்கிக்குக் கடிகாரம் மாட்டலாம். பையனை மட்டும் அனுப்பிவிடக் கூடாது. அமெரிக்காவில் ஆள் கூலி அதிகம், அதனால் மெஷின் வந்தது. இங்கே அந்தப் பையன் மாசாமாசம் ஊருக்கு அனுப்பும் பணத்தில் ஒரு வீட்டு அடுப்பு எரிகிறது. தவிர, ஞாயிற்றுக்கிழமை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வண்டியைத் தானே கழுவத் தயாராயிருப்பவன் காசு கொடுத்து ஷெட்டுக்கு ஏன் வருகிறான்? வீட்டு வாசலிலேயே ரெண்டு பக்கெட்டில் முடித்துவிட மாட்டானா?

கடையை விட்டுப் பளபளவென்று கிளம்பும் பைக்குக்கு முன்னால், வால்வு ஒழுகிக்கொண்டே ஒரு தண்ணீர் லாரி போகிறது. ஓவர்டேக் பண்ணித் தப்பிக்கலாம் என்றால், எதிரே மாநகரப் பஸ்.