கார் சாயுது டாக்டர், தடிமனான ஸ்டெபிலைசர் பார் போடலாமா?

சுகர், பிரஷர், தைராய்டு என்று எழுதும் இடத்தில் இன்று கார் பற்றி ஒரு நீண்ட பதிவு. பொறுத்துக்கோங்க, காரணம் இருக்கு.

மலைப்பாதையில் வாந்தி வருவது பற்றி முன்பு எழுதியதிலிருந்து ஒரே மாதிரியான கேள்வி பலரிடமிருந்து வருகிறது. "டாக்டர், எங்க செடான் வளைவுல ரொம்ப சாயுது. பின்சீட்ல அம்மா, பசங்க எல்லாம் இருக்காங்க. தடிமனான ஸ்டெபிலைசர் பார் போட்டா சாயாதுன்னு சொல்றாங்க. போடலாமா?"

நான் மெக்கானிக் இல்லைங்க. ஆனால் பத்து வயதைத் தாண்டிய ஒரு செடானை வைத்திருப்பவன். சேலத்திலிருந்து ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை மாதம் இரண்டு முறையாவது ஏறி இறங்குபவன். அந்தப் பாரை வாங்கி மாட்டியும் பார்த்தவன். அதோடு, மழை நாளில் வளைவில் சுழன்ற கார்களில் இருந்தவர்கள் கடைசியாக வந்து சேரும் இடத்தில் வேலை பார்ப்பவன். அதனால் சொல்ல கொஞ்சம் இருக்கு.

முதலில் அது என்ன பொருள் என்று பார்த்துவிடுவோம்.

ஸ்வே பார், ஆன்டி ரோல் பார், ஸ்டெபிலைசர் எல்லாம் ஒன்றுதான். காரின் குறுக்கே படுத்திருக்கும் 'ப' வடிவ ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி. நடுப்பகுதி இரண்டு ரப்பர் புஷ்களுக்குள் சுழலும்படி சேசிஸோடு பிடிக்கப்பட்டிருக்கும். இரண்டு முனைகளும் லிங்க் ராடு வழியாக இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனோடு இணைந்திருக்கும். ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், எந்த எதிர்ப்பும் காட்டாது. வளைவில் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்பும்போதுதான் அதற்கு வேலை. ஈரத் துண்டைப் பிழிவது போலக் கம்பி முறுக்கப்படும். முறுக்கை எதிர்த்து அது திமிரும். அந்தத் திமிர்தான் காரைச் சாயவிடாமல் பிடிக்கிறது. புது விஷயமும் இல்லை. கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவர் 1919லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

இந்தக் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் மடிப்பில் ஏறும். 22 மில்லிமீட்டர் பாரை எடுத்துவிட்டு 24 போட்டால் கூடியது வெறும் 2 மில்லிமீட்டர். ஆனால் விறைப்பு சுமார் 42 சதவீதம் கூடிவிடும். 24க்குப் பதில் 27 போட்டால் 60 சதவீதம். "ரெண்டு மில்லிமீட்டர்ல என்ன ஆகிடப் போகுது சார்" என்று கடையில் சொன்னால் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். மாத்திரையில் 2 மில்லிகிராமுக்கும் 4 மில்லிகிராமுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பது மாதிரிதான் அது.

சரி, பார் போட்டால் சாய்வு குறையுமா? குறையும். பொய் இல்லை. ஸ்டியரிங் திருப்பியதும் கார் உடனே கேட்கும். ஓட்டுகிறவருக்கு நம்பிக்கை வரும்.

இனிமேல்தான் விஷயமே.

வளைவில் எடை உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும். எவ்வளவு மாறும் என்பதை முடிவு செய்வது காரின் வேகம், வளைவின் அளவு, ஈர்ப்பு மையத்தின் உயரம், இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான அகலம். எவ்வளவு தடிமனான பார் போட்டாலும் இந்த மொத்தக் கணக்கு ஏறக்குறைய மாறாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டால் சூடு இறங்கும், டைபாய்டு அப்படியே இருக்கும் இல்லையா? சாய்வு அந்தச் சூடு மாதிரி. கண்ணுக்குத் தெரிவது அதுதான், ஆனால் காரைச் சாலையில் பிடித்து வைத்திருப்பது அது இல்லை, நாலு டயர்.

பார் மாற்றுவது என்னவென்றால், அந்த எடை மாற்றத்தில் முன்பக்கம் எவ்வளவு சுமக்கும், பின்பக்கம் எவ்வளவு சுமக்கும் என்ற பங்கீட்டை. பின்பக்கப் பாரை விறைப்பாக்கினால் பின்பக்கத்தின் வெளிச்சக்கரம் அதிகம் சுமக்கும், உள்சக்கரம் லேசாகும். இங்கே டயரின் ஒரு குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். டயர் மேல் எடை ஏற ஏற பிடி கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: 300 கிலோ சுமக்கும் டயர் 100 பங்கு பிடி தருகிறது. அப்படி இரண்டு டயர் சேர்ந்தால் 200. இப்போது ஒன்றில் 500, மற்றதில் 100 கிலோ என்று மாற்றினால் மொத்த எடை அதே 600தான். ஆனால் மொத்தப் பிடி 200 வராது, குறையும். அதாவது எந்தப் பக்கம் பாரை விறைப்பாக்குகிறீர்களோ அந்தப் பக்கம் வளைவில் முதலில் கைவிட ஆரம்பிக்கும்.

குடும்பக் கார்களை வடிவமைப்பவர்கள் முன்பக்கம் முதலில் வழுக்கும்படிதான் வைத்திருக்கிறார்கள். வேகமாக வளைவில் நுழைந்தால் ஸ்டியரிங் திருப்பினாலும் கார் நேராகப் போகப் பார்க்கும். அண்டர்ஸ்டியர் என்பார்கள். கார் பிரியர்களுக்கு இது பிடிக்காது, 'மந்தம்' என்பார்கள். பின்பக்கத் தடிமன் பார் விற்பனையாவதே இந்த மந்தத்தைப் போக்கத்தான்.

எனக்கு அந்த மந்தத்தின் மேல் மரியாதை உண்டு. ஏன் என்று சொல்றேன்.

பயத்தில் நம் கால் என்ன செய்யும்? யோசிக்காமல் ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிடும், அடுத்து பிரேக்கை மிதிக்கும். இது கற்றுக்கொண்டு செய்வதில்லை. ஆபத்து என்றால் நிறுத்து, அவ்வளவுதான் மூளைக்குத் தெரியும். முன்பக்கம் வழுக்கும் காரில் இந்த அனிச்சைச் செயல் உதவி செய்கிறது. காலை எடுத்ததும் எடை முன்னால் வரும், முன் டயர்களுக்குப் பிடி திரும்பும், கார் பெரும்பாலும் வளைவுக்குள் வந்துவிடும். அதே கால், பின்பக்கம் வழுக்கத் தயாராக இருக்கும் காரில், எதிராக வேலை செய்யும். காலை எடுத்ததும் எடை முன்னால் போகும், ஏற்கெனவே லேசாகிவிட்ட பின்பக்கம் இன்னும் லேசாகும், வால் வெளியே வீசும். அப்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் சரியான அளவு திருப்ப வேண்டும், அதுவும் ஒரு நொடிக்குள். பந்தயம் ஓட்டுபவர் பழகிப் பழகிச் செய்கிற காரியம் அது. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் நாலு பை, மழை, எதிரே பஸ். உங்களால் முடியுமா? என்னால் முடியும் என்று நான் நினைக்கவில்லை.

இது கற்பனை பயமில்லை. அமெரிக்காவின் செவ்ரலே கார்வேர் என்ற காரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். 1960 மாடலாக வந்தது. எஞ்சின் பின்பக்கம், பின் சஸ்பென்ஷனும் சிக்கலான வகை. முன்பக்க ஸ்டெபிலைசர் பார் எல்லாக் கார்களிலும் வரவில்லை. அதற்குப் பதிலாக முன் டயரில் 15, பின் டயரில் 26 பிஎஸ்ஐ காற்று வைக்கச் சொன்னார்கள். பின்பக்கம் முந்திக்கொண்டு வழுக்காமல் இருக்க அந்த வித்தியாசம் தேவை. யார் அப்படிப் பார்த்துப் பார்த்துக் காற்று பிடிப்பார்கள்? 1964 மாடலில்தான் முன்பக்கப் பார் எல்லாக் கார்களுக்கும் வந்தது. 1965ல் ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே இந்தக் கார்தான். அதே காலத்துக் கார்களைவிட அது மோசமில்லை என்று 1972ல் அமெரிக்க அரசின் ஆய்வு சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சண்டை இன்றும் ஓயவில்லை. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: ஒரு கம்பி எந்தப் பக்கம் இருக்கிறது, எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

"அப்போ போட வேண்டாம்னு சொல்றீங்களா?"

அவசரப்படாதீங்க. முதலில் டயக்னோசிஸ்.

உங்கள் கார் வாங்கியபோதும் இப்படிச் சாய்ந்ததா? பெரும்பாலானவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு "இல்ல, இப்ப ரெண்டு வருஷமாத்தான்" என்பார்கள். அப்படியென்றால் பார் மெலிந்துவிடவில்லை. அதன் கூடச் சேர்ந்தவை தேய்ந்திருக்கின்றன. லிங்க் ராடில் உள்ள சின்ன பால் ஜாயிண்ட் தளர்ந்திருக்கும். குண்டும் குழியுமான ரோட்டில் மெதுவாகப் போகும்போது முன்பக்கத்திலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் வந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். புஷ் இறுகிப்போய்ப் பிளந்திருக்கும். ஜாயிண்டிலும் புஷ்ஷிலும் உள்ள அந்த இடைவெளி தீரும் வரை பார் வேலையே செய்யாது. கார் முதலில் தொபுக்கென்று சாய்ந்து, பிறகுதான் பிடிக்கும். ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிந்திருந்தால் சாய்ந்த கார் நிமிர்ந்து இன்னொரு முறை ஆடும்.

என் வண்டியில் நடந்தது இதுதான். எங்கள் மெக்கானிக் அண்ணன் காரைத் தூக்கி, கம்பியால் லிங்கை ஒரு நெம்பு நெம்பிக் காட்டினார். "சார், இது இருக்கிறதும் இல்லாததும் ஒண்ணுதான்." நாலு லிங்க், நாலு புஷ் மாற்றினோம். ஒரு பாருக்கு ஆகும் செலவில் சின்னப் பங்குதான் ஆனது. அடுத்த வாரம் ஏற்காடு ஏறும்போது நான் பார் வாங்கித் தீர்க்க நினைத்த குறையில் முக்கால்வாசி இல்லை.

அடுத்து டயர் காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பல கார்களில் இரண்டு கணக்கு இருக்கும்: ஆள் குறைவாக இருந்தால் ஒன்று, முழு ஆள் முழு சாமான் என்றால் வேறொன்று. இரண்டாவதில் பெரும்பாலும் பின் டயருக்குக் கூடுதலாக இருக்கும். தினமும் ஆபீஸுக்கு ஒற்றை ஆளாகப் போகும் காற்றோடு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறோம். அப்புறம் "கார் ஆடுது" என்கிறோம். பெட்ரோல் பங்கில் "எவ்ளோ சார்?" என்று கேட்டால் "எல்லாத்துக்கும் 32" என்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள், ப்ளீஸ்.

இன்னொன்று, இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவை பின்பக்கம்தான் போக வேண்டும். "முன்சக்கரம்தானே இழுக்குது" என்று முன்னால் மாட்டுவது நம் ஊர் வழக்கம். ஈர ரோட்டில் தேய்ந்த டயர் பின்னால் இருந்தால், மேலே சொன்ன அதே கதைதான். வால் முதலில் போகும். வழுக்கை டயரைப் பின்னால் வைத்துக்கொண்டு பின்பக்கத் தடிமன் பாரும் போடுவது, ஒரே பிரச்சினைக்கு இரண்டு மடங்கு டோஸ்.

இதெல்லாம் முடிந்தபிறகு நான் பார் போட்டேன். ஆமாம், ஆசைதான், மறைக்க என்ன இருக்கு. என் காரில் பின்பக்கமும் இரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், அதில் ஏற்கெனவே ஒரு மெல்லிய பார் இருந்தது. கொஞ்சமே தடிமன் கூடிய, முனையில் இரண்டு ஓட்டை உள்ள பார் வாங்கினேன். லிங்கை முனைக்குப் பக்கத்து ஓட்டையில் மாட்டினால் நெம்புகோல் நீளம் கூடும், பார் மென்மையாக நடக்கும். உள் ஓட்டையில் மாட்டினால் விறைப்பு. நான் மென்மையான ஓட்டையோடு நிறுத்திக்கொண்டேன். வளைவில் கார் திரும்புவது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. விலையும் உண்டு: ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது அந்த உதறல் மறுபக்கத்துக்கும் போய், பின்சீட்டில் தலை இடமும் வலமும் வெடுக்கென்று ஆடுகிறது. அம்மாவுக்குக் கழுத்துத் தேய்மானம். ஊருக்குள் நம் முனிசிபல் குழிகளைத் தாண்டும்போது "என்னடா பண்ணி வெச்சிருக்க வண்டியில?" என்று கேட்டுவிட்டார்.

டிசையர், அமேஸ், சிட்டி மாதிரி கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவற்றின் பின்பக்கம் டார்ஷன் பீம். இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் அந்தக் குறுக்குச் சட்டமே முறுக்கிக்கொண்டு பாராகவும் வேலை செய்கிறது. அதன் மேல் இன்னொரு கம்பியைப் போல்ட் போட்டு இறுக்க வேண்டிய அவசியம் ஒரு குடும்பக் காருக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வாரன்டியில் உள்ள கார் என்றால் டீலரிடமும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேட்காமல் எதையும் தொடாதீர்கள்.

இப்போது வாந்திக்கு வருவோம். பாதிப் பேர் பார் தேடியதே அதற்குத்தானே.

வளைவுப் பாதையில் குமட்டலுக்கு முக்கியக் காரணம் கார் சாய்வது இல்லை. மெதுவாக இடமும் வலமும் மாறி மாறித் தள்ளும் விசையும், பிரேக்–ஆக்சிலரேட்டர் இழுபறியும்தான். உள்காது "நகர்கிறோம்" என்கிறது, முன்சீட்டின் முதுகையோ போனையோ பார்க்கும் கண் "இல்லை" என்கிறது. பார் இந்தப் பக்கவாட்டு விசையைக் குறைக்காது. நம்பிக்கை வந்து நீங்கள் வேகம் கூட்டினால் அது ஏறவே செய்யும், அதுவும் வேகத்தின் இருமடியில். 30ல் எடுத்த வளைவை 40ல் எடுத்தால் விசை சுமார் 78 சதவீதம் அதிகம். பார் போட்டபிறகு வீட்டில் வாந்தி கூடியது என்று ஒருவர் சொன்னபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை ஒரே சீராகத் திருப்புங்கள். குமட்டல் வருபவரை முன்சீட்டில் உட்காரவைத்து, தூரத்து ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை மட்டும் முன்னால் கொண்டுவராதீர்கள், அவர்களுக்குப் பின்சீட்டும் பெல்ட்டும்தான். மாத்திரை தேவையென்றால் உங்கள் டாக்டரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே கொடுங்கள். பெரும்பாலானவை தூக்கம் வரவழைக்கும், ஓட்டுகிறவர் போடக்கூடாது. எலுமிச்சம்பழம் மோந்து பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சக்கரத்தடியில் வைப்பதிலும்தான்.

எல்லாம் படித்தபிறகும் பார் போடுவது என்று முடிவெடுத்தவர்களுக்கு: ஒரு படி மட்டும் ஏறுங்கள், மென்மையான ஓட்டையில் ஆரம்பியுங்கள். லிங்க் நட்டைக் கடைசியாக இறுக்கும்போது இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று நின்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கியில் தூக்கி இறுக்கினால் முறுக்கேறிய பாரோடு மல்லுக்கட்டுவதுதான் மிச்சம். பாலியூரிதேன் புஷ் என்றால் அதற்கான கிரீஸ் தடவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் கட்டில் மாதிரி கிரீச்சிடும். முதல் மழை வரும் வரை பழைய வேகத்திலேயே ஓட்டுங்கள்.

பின் டயரின் போட்டோ அனுப்பினால் பார்த்துச் சொல்றேன். எக்ஸ்ரே பார்த்துப் பார்த்துப் பழக்கம்தானே.