ஒரே தெருவில் இரண்டு தோள்கள்

முதல் வெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்வது பங்குப்பணியில் நாம் விரும்பி நிறைவேற்றும் கடமை. கடந்த ஆண்டு ஆடி மாதம் குரும்பலூரில் ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்குச் சென்றோம். ஒன்றில் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். இருசக்கர வண்டியிலிருந்து விழுந்தவர். மற்றதில் ஐம்பத்தெட்டு வயதுத் தாய். பட்டறையிலிருந்து சின்ன வெங்காயக் கூடையைத் தூக்கி வருகையில் சறுக்கி விழுந்தவர். இருவருக்கும் வலது தோளின் தசைநார் அறுந்து, திருச்சியில் ஏறத்தாழ ஒரே வாரத்தில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது.

தோள்மூட்டு, சிறு தட்டில் வைத்த பந்தினைப் போன்றது. அது விலகாமல் பிடித்துக்கொள்பவை நான்கு தசைகளின் நார்களே. அறுந்த நாரை எலும்போடு சேர்த்துத் தைத்தால் நான்கு முதல் ஆறு வாரங்கள் கை தொட்டிலில் கிடக்க வேண்டும். மூன்று மாதங்களுக்குப் பாரம் தூக்கலாகாது.

ஓட்டுநர் நம்மைக் கண்டதும் எழுந்து நின்றார். "வலியெல்லாம் ஒண்ணுமில்லை சாமி" என்றார். சட்டைப் பொத்தானை மனைவி மாட்டிவிட்டார். காபி கைக்கு வந்தது. அந்தத் தாயோ, "ராத்திரியெல்லாம் தூக்கமில்லை சாமி, குத்துது" என்று அழுதார். நாம் இவருக்குப் பொறுமையைப் பற்றிச் சொன்னோம், அவரைப் பாராட்டினோம். ஆவணியிலும் அதுவே நடந்தது. இந்த அம்மா கோவிலுக்கும் வருவதில்லையே என்ற குறை வேறு நம் மனத்தில் இருந்தது.

செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமை விழா. மறையுரையில், 1993 நவம்பரில் விழுந்து வலது தோள் காயமுற்ற திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுலை நினைவுகூர்ந்தோம். துன்பத்தின் பொருள் குறித்து அவர் 1984இல் எழுதிய திருத்தூது மடலையும் குறிப்பிட்டோம். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். "நம் தெருவிலேயே முணுமுணுக்காமல் தோள்வலியைச் சுமக்கும் ஒருவர் இருக்கிறார், அதே வலியில் புலம்புவோரும் உண்டு" என்றோம். அந்தத் தாய் அன்றுதான் இரண்டு மாதங்களுக்குப் பின் முதன்முறையாகக் கோவிலுக்கு வந்து, கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். நாம் கவனிக்கவில்லை.

திருப்பலி முடிந்ததும், பெரம்பலூரில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரியும் நம் பங்கின் இளம்பெண் வந்தார். "சாமி, தப்பா நினைக்காதீங்க" என்று தொடங்கினார். இந்தச் சிகிச்சைக்குப் பின் முதல் சில மாதங்களில் பெண்கள் ஆண்களைவிட அதிக வலியையும் குறைந்த கைப்பலத்தையும் கூறுவது ஆய்வுகளில் கண்டதுதான். ஓராண்டு அளவில் அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. ஆகவே அது புலம்பல் அன்று என்றார். காரணம் ஒன்றல்ல. தசையின் வலிமை வேறு. வலியைச் சொல்ல ஆண்கள் கூசுவதும் உண்டு. "அவர் ஒண்ணுமில்லைன்னு சொல்லிச் சொல்லியே பயிற்சியை விட்டுட்டார். தோள் இறுகிக் கிடக்கு. அந்த அம்மா மூணாவது வாரமே தொட்டிலைக் கழற்றிச் சட்டி தேய்ச்சாங்க. வேற யார் தேய்ப்பா சாமி?"

பிறகு அவர் சொன்னதுதான் நம்மைத் தைத்தது. சேலைக் கொசுவம் செருகவும், கையைத் தலைக்குப் பின்னே கொண்டுபோய்ச் சடை பின்னவும் முடியாத வெட்கத்தினால்தான் அந்தத் தாய் கோவிலுக்கு வரவில்லை. மருமகள் ஊரிலிருந்து வந்து வாரிவிட்டதால் அன்று வந்திருந்தார்.

அன்றிரவு அந்த மடலை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். அதன் இறுதிப் பகுதி நல்ல சமாரியரைப் பற்றியது. துன்பத்தை ஏற்பதைப் பற்றி எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். அந்தப் பகுதிக்கு நாம் வந்ததேயில்லை. திருத்தந்தையின் இல்லத்தில் சமைக்க அருட்சகோதரிகள் இருந்தனர். நமக்கும் ஆக்கிப்போட ஆள் உண்டு.

மறுநாள் வியாகுல அன்னையின் திருநாள். அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். "அதெல்லாம் எதுக்கு சாமி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மன்னித்தாரா என்று இன்றும் தெரியாது. அவர் கணவரைத் திண்ணைக்கு அழைத்து, பாவசங்கீர்த்தனத்தில்கூட நாம் காட்டாத கண்டிப்போடு பேசினோம். ஓட்டுநரிடம், "ஐயா, வலித்தால் சொல்லுங்கள்" என்றோம். அவர் நெடுநேரம் பேசாமலிருந்து, "ராத்திரி உட்கார்ந்தேதான் தூங்குறேன் சாமி" என்றார்.

தை முதல் வெள்ளியன்று போனபோது, புழக்கடைப் படலைப் பாதி சாத்திவைத்து, தேங்காய் நாரால் சோற்றுக் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தார் கணவர். நம்மைக் கண்டதும், "கழுவித்தான் வைக்கிறேன்" என்று ஏதோ குற்றம் பிடிபட்டவர்போல் முனகினார். உள்ளே சுவரில் அடுப்புக்கரிக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. விரல்களால் சுவரில் ஏறும் பயிற்சியில் வாரந்தோறும் எட்டிய உயரம் அது. கடைசிக் கோடு திரு இருதய ஆண்டவர் படத்தின் கீழ்ச்சட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருந்தது.

"சடை மட்டும் இன்னும் எட்டலை சாமி" என்றார் அந்தத் தாய்.