பால் மறந்த குழந்தை

எங்கள் ஊர்க் கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு முன்னால், வேப்பமரத்தடியில் பாலர் வகுப்பு நடக்கும். நான் அதற்கு டீச்சராகி 22 ஆண்டுகள் ஆகின்றன. வகுப்பு முடியும்போது, யாருக்காக ஜெபிக்கலாம் என்று பிள்ளைகளைக் கேட்பேன். காய்ச்சல் கண்ட ஆட்டுக்குட்டி, தொலைந்துபோன பம்பரம், வெளிநாட்டிலிருந்து லீவில் வராத அப்பா என்று எல்லாம் வரும்.

ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு மாதமாக ஒரே வேண்டுதலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். படுத்துவிட்ட தாத்தா எழுந்து உட்கார வேண்டும். பல் போன தாத்தாவுக்கு வெற்றிலை இடித்துக் கொடுப்பது அவளுடைய வேலை. சின்ன இரும்பு உரலில் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, உருட்டி, அவர் வாயில் வைப்பாள். அந்த விரல்நுனிச் சிவப்போடுதான் வகுப்புக்கு வருவாள்.

ஒரு வியாழக்கிழமை தாத்தா காலமானார். அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற கலக்கம் எனக்கு. ஜெபித்தால் இயேசப்பா கேட்பார் என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.

சனிக்கிழமை இரவு ஒரு கதையைத் தயார் செய்தேன். எங்கள் மாவட்டத்தில் பலருக்கும் தெரிந்த கதை. மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அயர்லாந்தில் சிறுமியாக இருந்தபோது, தன் பழுப்பு நிறக் கண்கள் நீலமாக வேண்டும் என்று ஜெபித்துவிட்டுத் தூங்கினாராம். காலையில் கண்ணாடி முன் ஓடிப் பார்த்தால் அதே பழுப்பு. பின்னாளில் டோனாவூரில், ஆபத்திலிருந்த பெண் குழந்தைகளை மீட்கும் பணியில், சேலை உடுத்திய அவர் இந்தியப் பெண்ணைப் போலத் தோன்ற அந்தப் பழுப்புக் கண்களே துணையாயின. கடவுள் கொடுக்க மறுப்பதும் ஒரு பதில்தான் என்று அவளுக்குப் புரியவைக்க நினைத்தேன்.

கதைக்கு இடமே வரவில்லை. வேண்டுதல் நேரத்தில் மற்றப் பிள்ளைகளின் கைகளோடு அவள் கையும் உயர்ந்தது. "நானே ஜெபம் பண்ணட்டா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"இயேசப்பா, தாத்தாவச் சொகமாக்குங்கன்னு எத்தன தடவ சொன்னேன். நீங்க கேக்கவே இல்ல. எனக்கு உங்க மேல கோவம். தாத்தாவுக்குப் பல்லு கெடையாது. வெத்தலைய இடிச்சுத்தான் குடுக்கணும். பாக்கு கொஞ்சமாப் போடுங்க. ஆமென்."

பிள்ளைகள் எல்லாரும் ஆமென் என்றார்கள். அவள் உட்கார்ந்து, பக்கத்துப் பிள்ளையின் அவிழ்ந்த ரிப்பனைக் கட்டிவிடத் தொடங்கினாள்.

எனக்குத்தான் அன்று ஆராதனையில் மனம் நிலைகொள்ளவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் தம்பி 31 வயதில் இறந்தான். அவனுக்காக உபவாசம் இருந்து மன்றாடியிருந்தேன். அவன் போன பிறகும் நான் ஒரு ஞாயிறுகூடக் கோயிலைத் தவறவிட்டதில்லை. ஆனால் ஜெபப் புத்தகத்தில் இருக்கும் ஜெபங்களைத் தவிர, என் சொந்த வார்த்தையில் எனக்கென்று எதையும் கேட்கவில்லை. "தேவரீர்" என்று தொடங்கி "ஆமென்" என்று முடிப்பேன். தேவசித்தத்துக்கு என்னை ஒப்புக்கொடுத்துவிட்டேன் என்றே நம்பியிருந்தேன். மனத்தாங்கல் உள்ளவர்கள் கல்யாண வீட்டுக்கு வந்து, மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்காராமல் போவார்களே, என் பக்தியும் அப்படித்தான் இருந்தது என்பதை அந்தச் சிறுமியின் ஜெபம்தான் எனக்குக் காட்டியது.

பிள்ளைகளைப் போன்ற விசுவாசம் என்றால், சொன்னதையெல்லாம் கேள்வியில்லாமல் நம்புவது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பாலர் வகுப்பு எடுத்த யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், முரண்டு பிடிப்பார்கள், அழுவார்கள். புத்தியிலே குழந்தைகளாக இருக்க வேண்டாம் என்று பவுலும் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். அப்படியானால் பிள்ளைகளைப் போல ஆகச் சொன்ன இயேசு அவர்களிடம் கண்டது எதை?

அவர் தொடும்படி அவரிடம் கொண்டுவரப்பட்டவை கைக்குழந்தைகள் என்கிறார் லூக்கா. ஒரு கற்பனையைக்கூட மனப்பாடம் செய்திராத குழந்தைகள். இந்தச் சம்பவத்தைச் சொல்லும் மூன்று சுவிசேஷங்களிலும் அதை அடுத்து ஒரு செல்வந்தன் வருகிறான். சிறுவயது முதல் கற்பனைகளைக் கைக்கொண்டவன் அவன். கேட்ட பதில் பிடிக்காமல் துக்கத்தோடு திரும்பிப் போய்விடுகிறான். குழந்தைக்கு அப்படிப் போக வேறு இடம் கிடையாது.

131ஆம் சங்கீதம் மூன்றே வசனங்கள் கொண்டது. தாயிடம் இருக்கும் பால் மறந்த குழந்தையைப் போல என் ஆத்துமா இருக்கிறது என்கிறார் அதைப் பாடியவர். எங்கள் பக்கத்தில் பால் மறக்கடிக்க வேப்பிலையை அரைத்துத் தடவுவார்கள். குழந்தை வாயை வைத்ததும் முகம் சுளித்து வீறிடும், அம்மாவை அடிக்கும். அழுது ஓய்ந்து எங்கே போய்ப் படுக்கிறது? கசப்பைத் தடவிய அதே அம்மாவின் மடியில். பாலுக்காக வந்துகொண்டிருந்த பிள்ளை அன்றிலிருந்து அம்மாவுக்காக வருகிறது.

கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் ஒரு பிள்ளையைப் போலத்தான் கேட்டார். அவர் வாயில் வந்த "அப்பா" என்ற அரமேயச் சொல் நமக்கு மொழிபெயர்ப்பே வேண்டாத சொல். பாத்திரம் நீங்க வேண்டும் என்று மன்றாடினார், அது நீங்கவில்லை. லூக்கா எழுதியபடி, சிலுவையில் கடைசி மூச்சை விடும்போதும் அவர் பிதாவே என்றுதான் கூப்பிட்டார். அந்தச் சிறுமிக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் யார்மேல் கோபமோ, அவர் கையில்தான் தாத்தாவுக்கான உரலையும் கொடுத்தாள்.

அன்று இரவு ஜெபப் புத்தகத்தைத் திறக்கவில்லை. தம்பியின் பெயரை ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஜெபத்தில் சொன்னேன். கோபத்தைத்தான் முதலில் சொன்னேன், தேவரீர் என்று சொல்லாமல், "நீங்கள்" என்றே. சொல்லி முடித்த பிறகு எழுந்து போகத் தோன்றவில்லை. வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.