நம்ம பசங்களுக்கு எதுக்கு கேமிங் கம்ப்யூட்டர்?

வடபழனியில் எங்கள் இரவுப் படிப்பகம் ஒரு மாடி அறை. இரண்டு பெஞ்சு, ஒரு பலகை, அண்ணல் படம், ஒரு கம்ப்யூட்டர். 2019இல் பழைய மாணவர்கள் காசு போட்டு வாங்கியது அது: ரைசன் 3 2200ஜி பிராசஸர், பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. பகலில் கூட்டங்களின் வீடியோவை அதில் எடிட் செய்வோம். இரவு பாடம் முடிந்ததும் பிள்ளைகள் முறை வைத்து வேலரன்ட் விளையாடுவார்கள்.

கொஞ்ச நாளாக விளையாட்டு திக்கித் திக்கி ஓடியது. எடிட்டிங்கும் அப்படித்தான். பிராசஸரை மாற்றலாம் என்று வசூல் செய்தோம். 9,000 ரூபாய் சேர்ந்தது. அப்போதுதான் மூத்த தோழர் ஒருவர் கேட்டார்: "நம்ம பசங்களுக்கு எதுக்குத் தோழர் கேமு? அந்தக் காசுக்கு புக்கு வாங்கலாமே."

அவர் அக்கறையோடுதான் கேட்டார். ஆனால் எங்களுக்குச் சுருக்கென்றது. வசதியான வீட்டுப் பிள்ளை விளையாடினால் அது பொழுதுபோக்கு. நம் பிள்ளை விளையாடினால் ஊதாரித்தனம். நம் கைக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும் எதற்காவது பயன்பட்டதாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதை நாமே நம்பத் தொடங்கிவிட்டோம். உழைக்க மட்டும்தான் பிறந்தோம் என்று நம்மிடம் சொன்னது யார்? ஓய்வும் விளையாட்டும் உரிமைதான். தோழரிடம் இதைச் சொன்னோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சரி, காசையாவது வீணாக்காதீங்க" என்றார். அது நியாயமான பேச்சு.

காசு குறைவாக இருப்பவர்களுக்குத் தப்புப் பண்ண வழியில்லை. அதனால் முதலில் கோளாறு எங்கே என்று பார்த்தோம். விளையாட்டு ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், பிராசஸர் 100 சதவீதத்தில் திணறுகிறது; கிராபிக்ஸ் கார்டு பாதி வேலைதான் செய்கிறது. ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்த்தோம், வேகம் கூடவில்லை. அப்படியென்றால் தடை பிராசஸரில்தான். ரேம் இரண்டு ஸ்டிக்காக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம், இருந்தது.

மெட்ரோவில் சென்ட்ரல் போய், வண்டி மாறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தோம். முதல் கடையில் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "எந்த ஏரியா?" என்று கேட்டார்கள். ஊரைக் கேட்பது எதற்கென்று நமக்குத் தெரியாதா? பிறகு, "போர்டு பழசு. போர்டு, ரேம், பிராசஸர் மூணும் புதுசா போடுங்க" என்றார்கள். எங்களிடம் இருந்ததைப்போல மூன்று மடங்கு ஆகும்.

தெரியாமல் போயிருந்தால் கடன் வாங்கியிருப்போம், இல்லை தலைகுனிந்து திரும்பியிருப்போம். ஆனால் பிளஸ் டூ படிக்கும் எங்கள் தங்கை வீட்டிலேயே படித்துவிட்டு வந்திருந்தாள். 2017இல் வந்த முதல் ரைசனிலிருந்து 5000 வரிசை வரைக்கும் ஒரே ஏஎம்4 சாக்கெட்தான். பயாஸைப் புதுப்பித்தால் எங்கள் போர்டிலேயே ரைசன் 5 5600 உட்காரும். நான்கு கோர் இருந்த இடத்தில் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். 5600ஜியும் ஆறு கோர்தான், ஆனால் கேஷ் 16 எம்பி. 5600இல் 32 எம்பி. கார்டு தனியாக இருப்பதால் 5600தான் எங்களுக்குச் சரி.

நான்காவது கடையில் பழைய 5600 ஒன்று கையிருப்புக்குள் கிடைத்தது. அடியில் பின் எதுவும் வளையவில்லையா என்று வெளிச்சத்தில் பார்த்தோம். அங்கேயே ஓட்டிக் காட்டச் சொன்னோம். பில் வாங்கினோம்.

நீங்களும் மாற்றுவதாக இருந்தால் இரண்டு விஷயம். பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். கழற்றிய பிறகு நினைத்தால் திரை வராது. கூலரை நேராக இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்டோடு பிராசஸரும் பிய்த்துக்கொண்டு வரும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடானதும் அணைத்து, மெல்லத் திருகி எடுங்கள்.

ரிச்சி தெருவிலிருந்து இராயப்பேட்டை அதிக தூரமில்லை. 1907இல் அங்கிருந்துதான் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். விலையைப் பெயரிலேயே வைத்தார், எளியவர் கைக்கும் எட்டும் என்பது தெரியட்டும் என்று. அன்றைக்கு அச்சு இயந்திரம், இன்றைக்கு இது. இயந்திரம் யார் கையில் இருக்கிறது, அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் யார் என்ற கேள்வி மாறவில்லை.

இப்போது விளையாட்டு திக்கவில்லை. வீடியோவும் சீக்கிரம் முடிகிறது. மூத்த தோழர் இன்னும் முணுமுணுக்கிறார்; அந்த விவாதம் தொடரட்டும்.

பழைய 2200ஜி எங்களிடம் சும்மா இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே படம் காட்டும், பாடம் படிக்கத் தாராளம். அது பொருந்தும் ஏஎம்4 போர்டு வைத்திருக்கும் படிப்பகம் எதுவானாலும் கேளுங்கள், தருகிறோம். மாட்டித் தர தங்கையும் வருவாள்.

ஜெய் பீம்.