வலி போயிடுச்சுன்னு நின்னுடாதீங்க

சிவகாசி பட்டாசு ஆலையில வேலை பாக்குற அக்கா ஒருத்தர். வேர் சிகிச்சையோட முதல் நாளே வலி போயிடுச்சு. அடுத்த வாரம் வரச் சொன்னேன். தீபாவளி சீசன், லீவு போட்டா கூலி போச்சு. மூணு மாசம் கழிச்சு கன்னம் வீங்கி வந்தாங்க.

"உள்ள மருந்து இருக்குல்ல டாக்டர்?"

அந்த மருந்து கால்சியம் ஹைட்ராக்சைடு. 1920-ல் ஜெர்மனியின் ஹெர்மன் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தது. வெத்தலைச் சுண்ணாம்பும் வேதியியல்படி இதேதான் (வீட்டுச் சுண்ணாம்பைப் பல்லுல வச்சுடாதீங்க, வாய் வெந்துடும்). வேருக்குள்ள மெதுவா காரத்தன்மையை விட்டுக் கிருமிகளைக் குறைக்கும். ஆனா மேல இருக்குறது தற்காலிக அடைப்பு. அது தேஞ்சு கசிஞ்சா எச்சிலோட கிருமியும் திரும்ப உள்ள போயிடும்.

இதை அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். இப்போல்லாம் லீவு நாள் எதுன்னு கேட்டுட்டுத்தான் அடுத்த தேதி எழுதுறேன். பெரும்பாலும் ஞாயிறு. வந்துடுங்க.