புனித எலேனம்மாளின் ஊரிலிருந்து விகன் வரை

இங்கிலாந்து நாட்டின் வடமேற்கே, லிவர்பூல் மாநகருக்கும் மான்செஸ்டர் மாநகருக்கும் இடையே, நிலக்கரியாலும் கண்ணாடியாலும் வளர்ந்த ஊர் ஒன்று உண்டு. செயின்ட் ஹெலன்ஸ் என்பது அதன் பெயர். திருச்சிலுவையைக் கண்டெடுத்தவர் என்று நாம் போற்றும் புனித எலேனம்மாளின் பெயரால் அங்கே ஒரு சிற்றாலயம் இருந்தது. விண்டில், பார், எக்கிள்ஸ்டன், சட்டன் என்னும் நான்கு சிற்றூர்கள் கூடுமிடத்தில் நின்ற அக்கோயிலைச் சுற்றி மக்கள் குடியேறினர். அரசியாரின் பெயரே ஊருக்கும் நிலைத்துவிட்டது. இவ்வூர்ப் பெண்கள் 2025 அக்டோபரில் அண்டை ஊராகிய விகனுக்குச் சென்று, ரக்பி லீக் என்னும் பந்தாட்டத்தின் மகளிர் இறுதிப் போட்டியில் ஆடினர். பந்தாட்டத்துக்கும் நம் குடும்ப இதழுக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவக்கூடும். அவ்விரு ஊர்களுக்கும் இடையிலுள்ள வழியே நம்முடன் சற்று நடந்து வருவாராக.

புறப்படுமுன் சட்டன் பகுதியிலுள்ள ஆலயத்தைக் காண்போம். புனித அன்னம்மாள் பெயரும், முத்திப்பேறு பெற்ற தோமினிக் பார்பெரியின் பெயரும் தாங்கிய ஆலயம் அது. இத்தாலியக் குடியானவர் மகனாகப் பிறந்து, திருப்பாடுகளின் சபையில் குருவாகி, இங்கிலாந்துக்கு மறைபரப்ப வந்த தோமினிக் அடிகளார் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1845 அக்டோபர் மாதத்தில், கொட்டும் மழையில் நனைந்து லிட்டில்மோர் வந்து சேர்ந்த அவருடைய காலடியிலேதான் ஜான் ஹென்றி நியூமன் முழந்தாளிட்டுத் திருச்சபையில் சேர்ந்தார். அந்த நியூமன் 2019இல் புனிதராகவும், 2025 நவம்பர் முதல் நாளன்று திருச்சபையின் மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பெற்றதை நாம் அறிவோம்.

ஆயினும் நம் பயணத்துக்கு நெருங்கியவர் அவ்வாலயத்திலேயே துயிலும் மற்றொருவர்: அன்னை எலிசபெத் பிரவுட். 1820இல் பிறந்து கத்தோலிக்க மறையைத் தழுவிய இவ்வம்மையார், மான்செஸ்டர் பஞ்சாலைகளில் உழைத்து நலிந்த பெண்களிடையே பணியாற்றினார். மடத்தில் சேரச் சீதனம் கொண்டுவர இயலாத ஏழைப் பெண்களுக்கும் துறவற வாழ்வின் கதவைத் திறந்து வைத்தார். அவருடைய கன்னியர் தம் கையுழைப்பால் உண்டனர். தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தினர். 1864இல் சட்டனிலேயே இறந்த அவரைத் திருச்சபை 2021இல் வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

சட்டன் மேனர் நிலக்கரிச் சுரங்கம் 1991இல் மூடப்பட்டது. அங்கே குவிந்து கிடந்த மேட்டின்மீது 2009 முதல் ஒரு சிறுமியின் முகம், கண்களை மூடியபடி, 20 மீட்டர் உயரத்துக்கு வெண்ணிறத்தில் எழுந்து நிற்கிறது. 'கனவு' என்பது அச்சிற்பத்தின் பெயர். அதை விரும்பி ஏற்றவர்களில் முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களும் இருந்தார்கள் என்பது நமக்கு வியப்பளித்தது. மண்ணுக்கடியில் உழன்ற ஆண்கள் தம் வாழ்வின் நினைவாக ஒரு பெண் குழந்தையின் முகத்தை ஏற்றுக்கொண்டனரே!

விகனுக்குச் செல்லும் வழி 15 கிலோமீட்டருக்கும் குறைவு. இடையில் ஹேடாக் என்னும் ஊர் வருகிறது. புனித எட்மண்டு ஆரோஸ்மித் பிறந்த இடம் இது. கத்தோலிக்கக் குருவாயிருப்பதே மரண தண்டனைக்குரிய குற்றமாயிருந்த காலத்தில், மறைந்து திரிந்து திருப்பலி நிறைவேற்றிய இயேசு சபைக் குரு அவர். 1628 ஆகஸ்டு 28ஆம் நாள் லங்காஸ்டர் நகரில் தூக்கிலிடப்பட்டு உடல் கூறாக்கப்பட்டார். விசுவாசிகள் அவருடைய கையொன்றை மீட்டுப் பாதுகாத்தனர். அடுத்த ஊராகிய ஆஷ்டன் ஆலயத்தில் அக்கை இன்றும் அருளிக்கமாகப் போற்றப்படுகிறது. நோயுற்றோர் தலைமுறை தலைமுறையாக அதனை நாடி வந்துள்ளனர். 1970இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் புனிதர் பட்டம் அளித்த நாற்பது மறைசாட்சியருள் இவரும் ஒருவர். இந்தச் சாலையில்தான் பந்தாட்ட இரசிகர்கள் கழுத்துத் துண்டும் கொடியுமாகச் செல்கிறார்கள்.

விகனும் கத்தோலிக்கம் வேரூன்றிய ஊரே. பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்து மக்கள் சுரங்கங்களையும் ஆலைகளையும் நாடி இங்கே நிறைந்தனர், பங்குகள் பெருகின, பங்குகளின் பெயரால் ஆட்டக் கழகங்களும் தோன்றின. 1910 முதல் விளங்கும் 'விகன் செயின்ட் பேட்ரிக்ஸ்' அவ்வகையில் எழுந்ததே. செயின்ட் ஹெலன்ஸ் அணியை ஊரார் 'புனிதர்கள்' என்றே அழைக்கின்றனர். இவ்விரு ஊர் ஆடவர் அணிகளும் பெரிய வெள்ளியன்று மோதுவது நெடுநாள் வழக்கம். அந்நாளில் சிலுவைப்பாதையை விட்டு ஆட்டக்களத்தில் ஆரவாரிப்பது நம் மனத்துக்கு ஒவ்வவில்லை, அதை மறைப்பானேன்?

ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்வோம். பக்கத்துக்கு 13 பேர்; முட்டை வடிவப் பந்து; 80 நிமிட ஆட்டம். பந்தைக் கையிலேந்தி எதிரியின் எல்லைக்கோட்டைக் கடந்து தரையில் வைத்தால் 4 புள்ளிகள். தொடர்ந்து கம்பங்களுக்கிடையே உதைத்து அனுப்பினால் மேலும் 2. பந்தை முன்னோக்கி எறிதல் கூடாது. ஏந்தி வருபவரைக் கட்டிப்பிடித்து வீழ்த்தலாம். ஆறு முறை வீழ்த்தப்பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். நம் ஊர்ச் சடுகுடுவைக் கண்டவருக்கு இதில் பாதி உடனே விளங்கும்.

இவ்வாட்டம் பிறந்ததே கூலிப் பிரச்சினையில்தான். சனிக்கிழமைகளில் ஆடவேண்டுமாயின் சுரங்கத் தொழிலாளி வேலையை இழக்க வேண்டும். வேலையை இழந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. இழந்த கூலிக்கு ஈடாக 6 ஷில்லிங் தரலாமென வடநாட்டுக் கழகங்கள் கேட்டன. செல்வர்கள் ஆண்ட தலைமைச் சங்கம் இணங்கவில்லை. 1895 ஆகஸ்டு 29ஆம் நாள் ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் விடுதியில் கூடிய கழகங்கள் பிரிந்துபோய்த் தனிச் சங்கம் கண்டன. விகனும் செயின்ட் ஹெலன்ஸும் அவற்றுள் இருந்தன.

பெண்களுக்கு இத்தகைய முரட்டு ஆட்டம் தகுமா? நம் பங்குகளிலும் இக்கேள்வியைக் கேட்போர் உளர். விகன் வட்டாரத்தில் இதுபோன்றதொரு கேள்வி முன்னரே எழுந்ததுண்டு. 1842ஆம் ஆண்டுச் சட்டம் பெண்கள் சுரங்கத்தினுள் இறங்குவதைத் தடுத்தது. அது நல்ல சட்டம். பின்னர் அவர்கள் சுரங்க வாயிலில் நிலக்கரியைச் சலித்துக் கல் பொறுக்கினர். வசதிக்காகக் காற்சட்டை அணிந்தனர். அவ்வுடையைக் கண்டு முகஞ்சுளித்த நாகரிகக் கனவான்கள், பெண்மைக்கு இழுக்கென்று கூறி அவ்வேலையையும் தடைசெய்ய முயன்றனர். 1887இல் அப்பெண்கள் இலண்டனுக்கே சென்று உள்துறை அமைச்சரிடம் முறையிட்டு, தம் பிழைப்பைக் காத்துக்கொண்டனர். பெண்மையைக் காக்கப் புறப்பட்ட கனவான்களில் எவரும் அவர்களின் அடுப்பைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆட்டத்தில் காயம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் காயம் ஆண்பிள்ளைக்கும் உண்டு. அவனை நாம் தடுப்பதில்லை.

மகளிர்க்கான சங்கம் 1985இல் அமைந்தது. 1996இல் பிரிட்டிஷ் மகளிர் ஆஸ்திரேலியா சென்று, மூன்று ஆட்டங்கள் கொண்ட தொடரை இரண்டுக்கு ஒன்றாக வென்று திரும்பினர். நாட்டில் பலர் அதை அறியவும் இல்லை. மகளிர் சூப்பர் லீக் 2017இல் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் வெம்பிளி அரங்கில் முதன்முறையாக நடந்த மகளிர் சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தில் செயின்ட் ஹெலன்ஸ் பெண்கள் லீட்ஸ் அணியை 22–8 என வென்றனர். 2024இலும் அக்கோப்பை அவர்களுடையதே. அந்த ஆண்டுச் சூப்பர் லீக் இறுதியாட்டத்திலோ, தம் சொந்த ஊரிலேயே யார்க் அணியிடம் 18–8 எனத் தோற்றனர்.

2025 மார்ச் முதல் நாள், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் இங்கிலாந்து மகளிர் ஆஸ்திரேலிய மகளிரிடம் 90–4 எனத் தோற்றனர். அவ்வெண்ணைக் கண்டு சிரித்தவர்களும் உண்டு. ஆஸ்திரேலியப் பெண்கள் ஊதியம் பெற்று ஆடுகிறவர்கள். இங்கிலாந்திலோ 2023ஐ ஒட்டித்தான் சில கழகங்கள் சிறு தொகை கொடுக்கத் தொடங்கின. பெரும்பாலோர் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். 1895இல் ஆண்கள் கேட்ட அதே 6 ஷில்லிங்கைத்தான், நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், அவர்களுடைய கொள்ளுப்பேத்திகளும் கேட்டு நிற்கிறார்கள்.

இனி இறுதிப் போட்டி. அந்த ஆண்டு ஜூன் மாதம் வெம்பிளியில் இதே விகன் பெண்கள் செயின்ட் ஹெலன்ஸ் பெண்களை 42–6 என நசுக்கியிருந்தனர். அக்டோபரிலும் அவ்வாறே முடியும் என்று எதிர்பார்த்தவர் பலர். ஆனால் விகன் அரங்கில், எதிராளியின் ஊரில், எதிராளியின் ஆரவாரத்துக்கு நடுவே, 'புனிதர்கள்' எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆட்டம் 16–12 என முடிந்தது. நான்கே புள்ளிகள் வித்தியாசம். 2018க்குப் பிறகு விகன் மகளிர் மீண்டும் பட்டம் சூடினர்.

அது ஞாயிற்றுக்கிழமை. ஆஷ்டன் வழியாகவும் ஹேடாக் வழியாகவும் வண்டிகள் திரும்பின. மறுநாள் திங்கள், வீங்கிய முழங்காலோடும் கட்டுப்போட்ட விரல்களோடும், வென்ற பெண்களிலும் தோற்ற பெண்களிலும் பலர் காலையில் வழக்கம்போல் வேலைக்குப் போனார்கள்.