வண்டிக்குத் தாகம்

பித்தளையில் ஒரு திருகு. சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. நடுவே ஒரு துளை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் துளை இருப்பதே தெரியும். தலையில் 90 என்று பொறித்திருக்கிறது. இந்தச் சாமானுக்காகக் கொச்சி தோப்பும்படியில் ஒரு பட்டறை வாசலில் அரை நாள் மல்லுக்கட்டினேன் என்றால் வீட்டில் நம்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். உடனே நம்பிவிட்டார்கள். அதுதான் வருத்தம்.

வண்டி 1984இல் திருவொற்றியூரில் செய்த புல்லட். அப்பா வாங்கியது. அவர் எதையும் எழுதி வைக்கிற ஆள். வண்டிக்கென்று ஒரு நீலநிற அட்டை நோட்டு வைத்திருந்தார். எந்தத் தேதியில் ஆயில் மாற்றியது, எந்த மேட்டில் செயின் அறுந்தது, எல்லாம் உண்டு. அதில் ஒரு வரி: ‘மெயின் ஜெட் 90. ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று.’ ஜெட் என்பது அந்தத் திருகுதான், பெட்ரோல் போவது அதன் துளை வழியே. வரிக்குக் கீழே கோடு வேறு போட்டிருக்கிறார். அப்பா கோடு போட்டால் அது வீட்டில் சட்டம்.

வேலை மாற்றலில் கொச்சிக்கு வந்தபோது வண்டியையும் கூட்டி வந்தேன். கொஞ்ச நாளாக அது சரியில்லை. காலையில் கிளம்ப முரண்டு பிடிக்கும். கிளம்பினால் பாலம் ஏறும்போது மூச்சு வாங்கும். ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சரில் ‘பட்பட்’ என்று வெடிக்கும். கால் வைக்க முடியாத சூடு. விசாரித்ததில் எல்லோரும் ஒரே பட்டறையைக் கைகாட்டினார்கள். அங்கே எழுபதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். ஊருக்கே ஆசான்.

ஆசான் வண்டியைத் தொடவில்லை. கடைப் பையனிடம் ரேடியோவை நிறுத்தச் சொன்னார். வண்டியை உதைத்துக் கிளப்பச் சொல்லி, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கேட்டார். பிறகு வந்து சோக்கைப் பாதி இழுத்துவிட்டார். அதுவரை இருமிக்கொண்டிருந்த வண்டி நிதானத்துக்கு வந்தது. “சாரே, இதினு தாகமா” என்றார்.

தாகம் என்பது அவர் சொல். நம்மூர் மெக்கானிக் ‘பெட்ரோல் பத்தலை’ என்பார். சோக்கை இழுத்தால் கலவையில் பெட்ரோல் கூடுகிறது. கூடியதும் வண்டி சரியாக ஓடுகிறதென்றால் அதற்குமுன் குறைவாகக் குடித்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். பிளக்கைக் கழற்றிக் காட்டினார். பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. 90ஐ எடுத்துவிட்டு 95 போடலாம் என்றார்.

நான் நோட்டைப் பிரித்துக் காட்டினேன். தமிழ் எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. எண்ணைப் பார்த்தார், கோட்டையும் பார்த்தார். “புஸ்தகம் ஏது பெட்ரோளா சாரே குடிக்குந்நே?”

நோட்டு எந்தப் பெட்ரோலைக் குடிக்கிறது! கேள்வி எனக்கு உறைக்க அரை நாள் ஆனது. அப்பா அந்த வரியை எழுதியபோது பெட்ரோலில் ஈயம் இருந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க அதை எடுத்துவிட்டார்கள். 2003இல் சில மாநிலங்களில் நூற்றுக்கு ஐந்து பங்கு எத்தனால் கலக்கத் தொடங்கினார்கள். 2022இல் அது பத்தானது. இப்போது இருபது. எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜனை வைத்திருக்கிற சரக்கு. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். துளையும் அதேதான், உள்ளே வரும் காற்றும் அதேதான். உள்ளே போகிற சரக்குக்கோ அவ்வளவு காற்று வேண்டாம். மிஞ்சிய காற்றுதான் சூடாகவும் வெடியாகவும் வெளியே வந்தது.

நான் ஒரிஜினல் பைத்தியம். ஹாரன் ஒரிஜினல், பெட்ரோல் டேப் ஒரிஜினல், டேங்கின் கோடுகூடப் பழைய ஆளைத் தேடிப் பிடித்துக் கையால் போட்டது. இத்தனையும் வைத்துக்கொண்டு அதன் வயிற்றில் ஊற்றியது மட்டும் 1984இல் இல்லாத ஒன்று. இதை ஒருநாளும் நினைத்ததில்லை.

கார்ப்பரேட்டர் என்ற சாதனம் செய்கிற வேலையை யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். பெட்ரோல் திரவமாக இருந்தால் சரியாக எரியாது. அதைப் பனியாக்க வேண்டும். குறுகிய தொண்டை வழியே காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் துளை வழியே மேலேறிச் சிதறுகிறது. மூட்டைப்பூச்சி மருந்தடிக்கும் பம்பும் இதே வித்தைதான். 1893இல் ஹங்கேரியின் டோனாட் பாங்கியும் யானோஷ் சோங்காவும் இப்படிப்பட்ட கார்ப்பரேட்டரைச் செய்தார்கள். ஜெர்மனியில் மைபாக்கும் அதே ஆண்டில் செய்தார். பாங்கிக்கு யோசனை வந்தது புடாபெஸ்ட் தெருவில் ஒரு பூக்காரப் பெண் குழாய் வழியே வாயால் ஊதிப் பூக்களுக்கு நீர் தெளித்ததைப் பார்த்து என்று ஒரு கதை சொல்வார்கள். நிஜமோ பொய்யோ, எனக்கு அந்தக் கதை போதும். ஏனென்றால் நானும் ஒரு கார்ப்பரேட்டரைப் பார்த்து வளர்ந்தவன்.

எங்கள் தெருமுனையில் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி நிற்கும். அந்த மனிதர் பித்தளைச் செம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீர் எடுப்பார். கன்னம் இரண்டும் பூரி போல உப்பும். சட்டையை விரித்துப் போட்டு, தலையை இடமிருந்து வலமாக ஒரு வீச்சு வீசி ‘புஸ்ஸ்’ என்று ஊதுவார். காலை வெயில் சாய்வாக விழும் நேரமென்றால் அந்தப் பனியில் ஒரு நொடி வானவில் வந்து போகும். அதைப் பார்ப்பதற்காகவே துணி மூட்டையை நான்தான் தூக்கிப் போவேன். அம்மா தன் புடவையைத் தரவே மாட்டாள், எச்சில் என்பாள். அப்பாவோ அவரைத் தவிர வேறு யாரிடமும் சட்டையைத் தரமாட்டார். இது குறித்து வீட்டில் பேச்சுவார்த்தை நடந்ததேயில்லை. இரண்டு மூட்டைகள் இரண்டு திசையில் போகும், அவ்வளவுதான்.

அவர் ஊதுவதில் கணக்கு இருந்தது. தண்ணீர் கூடினால் பெட்டி ‘சொய்ங்’ என்று கத்தும், துணியில் திட்டு விழும். குறைந்தால் மடிப்பு நிற்காது, கருகும் வாசனை வரும். கதருக்கு வாய் நிறைய. பாப்ளினுக்குப் பாதி. டெரிலின் சட்டைக்கு அவர் தண்ணீரே எடுக்க மாட்டார். செம்பில் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு ஊதுவார். யாரும் அவருக்கு அளவு எழுதித் தரவில்லை. துணிக்குத் துணி வாயை மாற்றிக்கொண்டார்.

ஒருநாள் அவருக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அதற்குப் பிறகு பனி வரவில்லை. பொட்டுப் பொட்டாகத் துளிதான் வந்தது. துண்டை நனைத்துத் துணிமேல் ஒற்றிப் பார்த்தார். உதட்டை வேறு மாதிரி குவித்துப் பார்த்தார். ஒன்றும் சரிப்படவில்லை. ஊதுகிற வேலையை மகனிடம் விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் பிடித்தார். மகன் ஊதுவான், அவர் பக்கத்தில் நின்று “பத்தலை”, “போதும்” என்று சொல்லிக்கொண்டிருப்பார். துளை தேய்ந்த பிறகும் காது தேயவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஆசானின் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஜெட்டுகள் கிடந்தன. பழையது, புதியது, எண் அழிந்தது எல்லாம் கலந்து. எண்களை நம்பாதே என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. அமால் கம்பெனி ஜெட்டில் எண் என்பது ஒரு நிமிடத்தில் எத்தனை சிசி பாயும் என்ற கணக்கு. டெல்ஓர்ட்டோவில் அது துளையின் விட்டம், ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் எத்தனை என்று. இரண்டு கம்பெனியின் 90ஐயும் ஒரே 90 என்று நினைத்துப் போட்டவன் கெட்டான். ஜெட்டைச் சுத்தம் செய்ய அவர் கம்பி தொடுவதில்லை. கம்பி பித்தளையைக் கீறும். கீறினால் 90 என்று பொறித்த துளை 92 ஆகிவிடும், வெளியே தெரியாது. மீன்பிடித் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறதே! அங்கிருந்து வந்த நைலான் நரம்பு ஒரு முழம் ஆணியில் தொங்கியது. நாம் தங்கூசி என்பதை அவர் தங்கூஸ் என்றார். அதை விட்டு இழுத்து, வெளிச்சத்தில் பார்த்து, வாயில் வைத்து ஒரு ஊது ஊதி, 95ஐ முடுக்கினார். ஆக்ஸிலேட்டர் பிடியில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போட்டுத் தந்தார். முதல் கோட்டுக்குள் சிறு ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஆட்சி, நடுவில் ஊசி, முக்காலுக்கு மேலேதான் மெயின் ஜெட்; எங்கே இருமுகிறதோ அந்தக் கோட்டைச் சொல்லு என்றார்.

ஞாயிறு விடியலில் ஓட்டிப் பார்த்தேன். தோப்பும்படியில் பாலம் இரண்டு. 2001இல் கட்டணம் வாங்கி ஓட்டவிட்ட புதுப் பாலம் ஒன்று. பக்கத்திலேயே துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காலத்துப் பழைய பாலம். பழையது ஒருகாலத்தில் படகுகளுக்காக நடுவே தூக்கிக் கொடுக்கும். இப்போது தூக்குவதில்லை, சின்ன வண்டிகளைச் சுமக்கிறது. அதன்மேல் போய் வெல்லிங்டன் தீவின் நேர் சாலையில் முக்கால் கோட்டைத் தாண்டிப் பிடித்தேன். உப்புக் காற்று முகத்தில் அடித்தது. அப்படியே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஓரங்கட்டி, பிளக்கைக் கழற்றினேன். பிஸ்கட் நிறம்.

சந்தோஷத்தில் வீட்டுக்குத் திரும்பாமல் ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்துக்குப் போனேன். அங்கே தோபி கானாவில் துவைத்துத் தேய்ப்பவர்கள் நம்மவர்கள், வண்ணார் குடும்பங்கள். டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வரப்பட்டவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்வது. பெரியவர் ஒருவர் வேட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். “ஐயா, வாயால ஊதுறது உண்டா?” என்று கேட்டேன். மலையாளம் ஊறிய தமிழில் சிரித்தார். “அதெல்லாம் எங்க அப்பன் காலத்தோட போச்சு தம்பி. இப்ப இதுதான்.” பிளாஸ்டிக் தெளிப்பான் பாட்டில். அடுத்து ஒரு சில்க் சட்டையை எடுத்தார். எடுத்ததும், பாட்டிலைப் பார்க்காமலே, அதன் முனையைக் கால் சுற்றுத் திருகினார்.

2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் செய்யும் மோட்டார் சைக்கிள்களில் இந்தத் திருகல் வேலை அநேகமாக ஒழிந்தது. சைலன்சர் குழாயில் ஓர் உணரி மோப்பம் பிடித்துச் சொல்ல, ஒரு சின்னக் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பழைய வண்டி வைத்திருக்கிறவனுக்கு அந்த உணரி அவனேதான். எண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று வண்டியைப் பொசுக்கிய பாவம் என்னோடு போகட்டும். ஒரிஜினல் ஜெட்டுக்காக அடம்பிடிப்பவர்கள் முதலில் ஒரிஜினல் பெட்ரோலைத் தேடிக்கொண்டு வாருங்கள்.

அன்று ராத்திரி நீலநிற நோட்டை எடுத்து, அப்பாவின் கோட்டுக்குக் கீழே ‘மெயின் ஜெட் 95’ என்று தேதி போட்டு எழுதினேன். கோடு போடவில்லை. அந்தப் பக்கத்தில் இன்னும் நாலைந்து வரிக்கு இடம் இருக்கிறது.